ஆறரைக்குத் தீர்ந்த வெந்நீர்

தென்காசியில் இருக்கிற எங்கள் ஆஸ்பத்திரியின் டீசல் செலவுக்கு மூன்று வருடத்தில் விடைகொடுப்பது என்று திட்டம் போட்டவள் நான், பராமரிப்புப் பொறியாளர் ஷமீம் பானு. முதல் வருடம் பிரசவ வார்டின் டீசல் பாய்லரை அணைத்து அதன் வெந்நீர், அடுத்து மற்ற வார்டுகள், கடைசியாக ஆபரேஷன் தியேட்டர் ஏசி. எல்லாமே வெயிலில் ஓட வேண்டும். சாரல் மாதங்களில் இந்த ஊரில் வெயில் எட்டிப் பார்க்காது என்பது எனக்குத் தெரியாதா என்ன? அதற்காகவே காற்றிலிருந்து சூட்டை எடுக்கும் ஹீட் பம்ப் ஒன்றும் வைத்திருந்தேன். நாற்பது படுக்கை, தலைக்கு ஐம்பது லிட்டர், ஆக இரண்டாயிரம் லிட்டர் தொட்டி. இதில் எவராலும் குறை சொல்ல முடியாது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஜூலை பிறந்தது. காலை ஆறரைக்கெல்லாம் தொட்டி காலி. பிள்ளை பெற்றவளுக்குப் பச்சைத்தண்ணீரா என்று ஒரு தாயார் வார்டையே அதிரவைத்துவிட்டார். தலைமை மருத்துவர் மகாதேவன் என்னைக் கூப்பிட்டார். திங்கட்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் பாய்லரையே மறுபடி பற்றவைப்போம், மீதித் திட்டத்தையும் மறந்துவிடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவரிடம் இரண்டு வருடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய சம்மதம் அது.

குழாயில் கசிவு தேடி இரண்டு நாள் மாடி மாடியாக ஏறி இறங்கினேன். பாய்லர் ஆபரேட்டர் ஸ்டான்லி, அணைந்து கிடந்த பாய்லரைத் துடைத்தபடி, நான் போகும்போது ஒரு சிரிப்பும் வரும்போது ஒரு சிரிப்பும் சிரித்தார். அந்தத் துணியைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது.

திங்கள் காலை ஐந்தரைக்கு மீட்டர் பக்கத்தில் போய் நின்றேன். தொட்டி நிறைய வெந்நீர் இருந்தது. கொஞ்ச நேரத்தில் குற்றாலத்திலிருந்து ஆட்டோக்கள் வந்தன. நோயாளிகளுக்குத் துணையாக வந்து தங்கியிருப்பவர்கள், தலையில் துண்டும் உடம்பில் எண்ணெயுமாக நடுங்கிக்கொண்டே இறங்கி நேராகக் குளியலறைகளுக்குள் போனார்கள். அருவியில் சோப்பு, சீயக்காய் எதுவும் போட விடமாட்டார்கள். ஒட்டியிருக்கும் எண்ணெயைப் போக்க எங்கள் வெந்நீர்தான் கதி. மீட்டர் பிய்த்துக்கொண்டு ஓடியது.

ஸ்டான்லி கையில் டீயோடு வந்தார்.

"இது வருஷா வருஷம் நடக்கதுதான மேடம். சீசன்னா நான் ஒரு மணி நேரம் முன்னாடியே பத்த வச்சிருவேன்."

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று சீறினேன்.

"உள்ளூர்க்காரங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன். போன ஞாயித்துக்கிழம ஐந்தருவில குளிச்சிட்டு நீங்க எங்கன வந்து தல அலசுனிய?"

இதே தொட்டித் தண்ணீர் வரும் இந்தக் கட்டடத்து டியூட்டி அறையில்தான் அலசினேன். சீசனுக்குச் சீசன் அப்படித்தான் செய்கிறேன். வெளியூர்ப் பொறியாளராக இருந்திருந்தால் யார் யார் குளிக்கிறார்கள் என்று கேட்டாவது தொலைத்திருப்பார். வெட்கமாக இருந்தது.

ஸ்டான்லி விரல்விட்டுச் சொல்லச் சொல்லத் தாளில் எழுதினேன். துணைக்கு வந்தவர்கள் அறுபது, நர்ஸ்கள் பன்னிரண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு, பொறியாளர் ஒன்று என்றும் எழுதினேன். இன்னொரு தொட்டி வேண்டும், சீசனில் ஹீட் பம்பை முன்கூட்டியே ஓட்டும் பொறுப்பு ஸ்டான்லிக்கு என்று கீழே குறித்துக்கொண்டு மகாதேவன் சாரின் அறைக்குப் போனேன். அவர் அறையும் அதே கட்டடத்தில், பிரசவ வார்டுக்குக் கீழே இருந்தது.

துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே தாளை வாங்கிப் படித்தார். 'பொறியாளர் ஒன்று' என்ற இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் தலையிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்தது. அறைக்குள் சீயக்காய் வாசம் அடித்தது. சிரிப்பு நின்றது.

பேனாவை எடுத்து என் வரிக்குக் கீழே 'தலைமை மருத்துவர் 1' என்று தன் கையாலேயே எழுதி, புதுத் தொட்டிக்குக் கையெழுத்தும் போட்டார். மூன்று வருடத் திட்டம் பிழைத்துக்கொண்ட சந்தோஷத்தில் தாளுக்குக் கை நீட்டினேன். அவர் அதைத் திரும்ப இழுத்து, அந்த ஒன்றை அடித்து இரண்டாக்கினார்.

"ஞாயித்துக்கிழம என் மச்சினனும் வருதான்" என்றார்.