கிலுகிலுப்பைக்குள் தண்ணீர்

"தண்ணி ஊத்தாதீங்க! யாரும் தண்ணி ஊத்தாதீங்க!"

இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சித்தப்பா கத்தினார். கத்தியது தமிழில். அங்கே இருந்தவர்களில் அது புரிந்தது இரண்டே பேருக்கு. ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற தேய்ப்பு அக்கா. இன்னொருத்தி அண்ணன் மகள் சில்வண்டு. மற்றவர்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். உருகிய வெண்கலம் தரையெல்லாம் சிவப்பாய்ச் சிதறிக் கிடந்தது. அதன்மேல் தண்ணீர் பட்டால் மறுபடி வெடிக்கும். சில்வண்டு வாளிக்காரரின் குறுக்கே பாய்ந்து, மணல் குவியலைக் காட்டிக் காட்டி அலறினாள். அவள்மேல் ஒரு கீறல்கூட இல்லை.

வாய் ஓயாததால் வந்த பேர் சில்வண்டு. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு, மணி வார்க்கும் சித்தப்பாவுடன் கடல் தாண்டி வந்து மூன்று வாரம். கோயில் வாசலிலேயே உலை மூட்டி மணி வார்ப்பதாகப் பேச்சு. வேண்டுதல் உள்ளவர்கள் ஆளுக்கொரு துண்டு உலோகம் போடலாம். அதற்குச் சித்தப்பா வைத்தது ஒரே சட்டம்: எதுவானாலும் ஒரு மணி நேரம் உலையோரம் காய்ந்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். "புது மாப்பிள்ளையா இருந்தாலும் வாசல்ல காத்துக்கெடக்கணும். துளி ஈரம் போனாலும் நம்ம எல்லாருக்கும் சேத்துப் பால்தான்" என்பார்.

தேய்ப்பு அக்கா, அவர்கள் தங்கியிருந்த அறைக்குக் கீழே சலவைக்கடையில் துணி தேய்ப்பவள். வந்த முதல் நாள் அங்கே துவைக்கும் இயந்திரம் காசை விழுங்கிவிட்டு அசையாமல் நின்றது. சில்வண்டு அதைத் தமிழில் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். "திட்டுனா அதுக்கு ஒறைக்காது தங்கம், கால்ல ஒரு ஒத விடு" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். அன்று ஒட்டிக்கொண்டதுதான். அக்காவின் மகன் ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய் ஆறு வருடம். "சாமி முன்னாடி நின்னாலும் செவுத்தப் பாக்குற மாதிரிதான்டி இருக்கு. அழுகையும் வரல, ஒண்ணும் வரல" என்று தேய்த்துக்கொண்டே சொல்வாள்.

இன்று காலை அவள் மூச்சிரைக்க ஓடிவந்தபோது உலை தயாராகிவிட்டது. வேலி வழியாக ஒரு வெள்ளிக் கிலுகிலுப்பையை நீட்டினாள்.

"ஆறு வருசமாப் பொட்டிக்குள்ள கெடந்துச்சு. சோப்புப் போட்டு மூணு தடவ கழுவுனேன். சாமிகிட்டப் போறதுல்ல?"

"லேட்டுக்கா. சித்தப்பா என்னைய உரிச்சு உப்புக்கண்டம் போட்டுரும்."

"ஒரே ஒரு தடவடி. உன் கால்ல வேணா விழுறேன்."

சில்வண்டு அதைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள். வெளியே பளபளவென்று காய்ந்திருந்தது. உள்ளே வெற்றுக்கூடு. ஓரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை. பார்த்தாள். பார்த்தும் யோசிக்கவில்லை. கசடு அள்ளும் கரண்டியை எடுக்கச் சித்தப்பா திரும்பியதும் போட்டுவிட்டாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நிறம் பார்க்க உலைமேல் குனிந்தார். அப்போதுதான் வெடித்தது.

இடது கண் போய்விட்டது என்றார் மருத்துவர். வலது கண்ணைப் பற்றி ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல முடியுமாம்.

கட்டுக்குள்ளிருந்து சித்தப்பா மெதுவாகக் கேட்டார். "சில்வண்டு, ஏன்டா சத்தத்தையே காணோம்? உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்ல சித்தப்பா."

"கடைசியாப் போட்டேன்ல வெள்ளீயம், அதுக்குச் சூடு காட்டலபோல. முப்பது வருசம் மத்தவனுக்கெல்லாம் சொன்னவன். எனக்கே புத்தி பிசகிருச்சு. சித்திகிட்ட இப்போதைக்கு மூச்சு விடாத. கை நல்லாத்தான இருக்குன்னு சொல்லிக்கலாம்." சிரிக்கப் பார்த்தார். உதடு வெந்திருந்ததால் முடியவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். "தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று வெளியே வந்தாள்.

நடைபாதை பெஞ்சில் தேய்ப்பு அக்கா உட்கார்ந்திருந்தாள். அழுதழுது கண் வீங்கியிருந்தது. ஆனால் முகம் சில்வண்டு இதுவரை பார்த்திராத முகமாக இருந்தது. விளக்கேற்றி வைத்ததுபோல.

"பாவி மாதிரி பேசுறேன்னு நெனைக்காதடி. உள்ள அவரு அப்படிக் கெடக்குறாரு, நான் இதச் சொல்லக்கூடாது." சில்வண்டின் கையைப் பற்றிக்கொண்டாள். "வெடிக்கிறதுக்கு ஒரு நொடி முந்தி எம்புள்ள சிரிச்சான். கீச்சுன்னு, அவன் சிரிக்கிற மாதிரியே. ஆறு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான்டி அழுதேன்."

அந்தச் சத்தம் சில்வண்டுக்கும் கேட்டிருந்தது. கிலுகிலுப்பைக்குள் தங்கிய தண்ணீர் ஊசி ஓட்டை வழியாக ஆவியாய்ச் சீறிய சத்தம். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த நொடியில், பக்கத்தில் ஏதோ குழந்தை நிற்கிறது என்றுதான் வெடுக்கென்று திரும்பினாள். திரும்பியதால்தான் அவள் முகம் தப்பியது. சித்தப்பா திரும்பவில்லை.

ஆவி என்று சொன்னால் தண்ணீரைச் சொல்ல வேண்டும். தண்ணீரைச் சொன்னால், சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிய கைகள் இப்போது தன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சிரிப்பு என்று சொன்னால், உள்ளே ஒருவர் செய்யாத தப்புக்குத் தன்னையே திட்டிக்கொண்டு படுத்திருக்கிறார்.

அக்கா அவள் முகத்தை நிமிர்த்தினாள்.

"நீ திரும்பினதப் பாத்தேன்டி. உனக்கும் கேட்டுச்சுல்ல?"