காசிம் நோன்பு திறந்த நேரம்

என் மாமியார் சுல்தானா 'துபாய்' என்று சொல்வதைக் கேட்க வேண்டும். எங்கள் லால்பேட்டையில் பாதி வீட்டு ஆண்கள் சபுராளிகள்; வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதனால் துபாய் ஒன்றும் எங்களுக்கு அதிசயமில்லை. ஆனாலும் தன் இளைய மகன் காசிமைப் பற்றிப் பேசும்போது மட்டும், அந்த ஊரையே தான் கட்டி வாடகைக்கு விட்டிருப்பதுபோல மாமி சொல்வார்.

அந்தக் காசிம்தான் என் வீட்டுக்காரர்; நான் மச்சான் என்று கூப்பிடுவேன். நான் நிலோஃபர். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்று தெருவில் பேச்சு. கொஞ்சம் என்று சொல்கிறவர்கள் நல்லவர்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மச்சானுக்கு ஆப்பிரிக்காவில் ஒரு வெல்டிங் வேலை வந்தது. மாமி கூடத்தில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்காத குறை. "ஆப்பிரிக்காவுல காலு வச்சேன்னு தெரிஞ்சுது, அன்னையிலேர்ந்து நான் சோத்துல கை வைக்க மாட்டேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் அன்று இரண்டு வேளை சாப்பிடவும் இல்லை. மூன்றாம் வேளைக்கு மச்சான் இறங்கி வந்தார். "சரிம்மா, துபாய்க்கே போறேன்." போனார். மாமி சாப்பிட்டார். கதை அத்தோடு முடிந்ததென்று நானும் நம்பினேன்.

இந்த வருஷம் முதல் பத்து நோன்பு கழிந்ததும் மச்சான் ஊருக்கு வந்தார். ஒரு தள்ளுப் பெட்டி, தோளில் ஒரு பை, கொஞ்சம் சாக்லெட், இரண்டு சென்ட் பாட்டில், பேரீச்சம்பழம். மற்ற வீடுகளில் துபாய் சபுராளி வந்தால் அன்று முழுக்க வாசலில் செருப்பாகக் கிடக்கும். அங்கே ஒரே அறையில் தங்கியிருப்பவர்கள் ஆளுக்கொரு பார்சல் கொடுத்தனுப்புவார்கள்; அதை வாங்கிப்போக அவரவர் வீட்டுப் பெண்கள் வருவார்கள். எங்கள் வாசலுக்கு ஒருவரும் வரவில்லை. ஊரார் சுமையைத் தூக்கிக்கொண்டு வராத முதல் சபுராளி என் மாப்பிள்ளைதான் என்று நான் பெருமைப்பட்டேன். என் மூளையை என்னவென்று சொல்ல!

வந்த நாலைந்து நாளில் காய்ச்சல் பிடித்தது. பல் கிடுகிடுக்க நடுக்கம், பிறகு கொதிப்பு, பிறகு பாய் நனைய வியர்வை. வீட்டிலிருந்த போர்வையெல்லாம் அவர்மேல்தான் இருந்தது. "பிரயாணக் களைப்பு" என்றார் மாமி. "ஏசியிலேயே இருந்த ஒடம்பு, நம்ம வெயிலு ஒத்துக்கல" என்றார் மச்சானின் அண்ணன் அஃப்சல். மச்சானும் "ஒண்ணுமில்ல, மாத்திரை போட்டா சரியாயிடும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மாத்திரை போட்டும் சரியாகாமல் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே டாக்டர் அருள்மொழி என்று ஒரு அம்மா. சின்ன வயசு, நிதானமான பேச்சு. முதல் கேள்வியே, "எந்த ஊர்லேர்ந்து வந்திருக்காரு?"

"துபாய்!" என்று நாங்கள் மூன்று பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஒரே குரலில் சொன்னோம்.

டாக்டரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் சரியாகத்தான் கேட்டார்; நாங்கள்தான் தப்பான பதிலை அவ்வளவு சத்தமாகச் சொன்னோம். டெங்கு பார்த்தார்கள், இல்லை. டைஃபாய்டு பார்த்தார்கள், இல்லை. துபாயிலும் எங்கள் பக்கமும் இல்லாத நோயை யாரும் தேடவில்லை. ரத்தத்தில் தட்டணுக்கள் மட்டும் இறங்கிக்கொண்டே போயின. அடுத்தடுத்த நாளில் கண் மஞ்சளாகிவிட்டது. பேச்சு குழறியது. என்னைப் பார்த்து, "நிலோ வந்துட்டாளா?" என்று என்னிடமே கேட்டார். நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் டாக்டர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டார். "கிட்னியும் சொணங்குது. என்ன காய்ச்சல்னு பிடிபட மாட்டேங்குது. இதுக்கு மேல தள்ளிப்போட முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்திடலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. துபாய் மட்டும்தானா? வேற நாடு எதுக்காவது போனாரா? ஆப்பிரிக்கா பக்கம்?"

"சீச்சீ! எம் புள்ளையா?" என்றார் மாமி.

"டாக்டரம்மா, நானே பத்து வருஷம் துபாய்ல இருந்தவன். எனக்குத் தெரியாதா?" என்றார் அஃப்சல் அண்ணன்.

நானும் இல்லையென்று தலையாட்டினேன்.

பொழுது சாய்ந்து மஃரிபு வந்தது. வராந்தா ஓரத்தில் துணி விரித்து, வீட்டிலிருந்து தூக்கில் வந்த கஞ்சியால் நோன்பு திறந்தோம். எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. தொழுதேன், தூக்கைக் கழுவி வைத்தேன், மறுபடி போய் மச்சானின் காலைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. யா அல்லாஹ், இவரை எனக்குக் கொடு, வேறு எதுவும் வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசலில் இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கும் சொல்லி முடிந்தது. அப்போது அஃப்சல் அண்ணனின் போன் அடித்தது. துபாயில் அவருடைய பழைய கூட்டாளி. கை ஈரமாக இருந்ததால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், இப்பதான் இங்க பாங்கு சொன்னாங்க. நோன்பு தொறந்த கையோட உனக்குப் போன் போடுறேன். காசிமுக்கு எப்படி இருக்கு?"

நான் தூக்கை மூடிக்கொண்டிருந்தேன். மூடி கையிலேயே நின்றுவிட்டது.

இப்போதுதான் துபாயில் நோன்பு திறக்கிறார்கள். சரி. இதே நோன்பின் முதல் வாரத்தில் மச்சான் எனக்கு எப்போது போன் செய்தார்? நாங்கள் பெண்கள் இஷாவுக்கு அப்புறம் நெடுநேரம் தராவீஹ் தொழுதுவிட்டு வந்து, விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு அரிசி களைந்து வைத்துவிட்டு, படுக்கப் போகும்போது. தினமும் அந்த நேரம்தான். "இரு நிலோ, நோன்பு தொறந்துக்குறேன்" என்பார். நான் திட்டியிருக்கிறேன். "ஓவர்டைமுன்னு நோன்பு தொறக்குறதையா தள்ளிப்போடுவீங்க? ஒரு பேரீச்சம்பழத்த வாயில போட எவ்வளவு நேரம் ஆவும்?" அவர் சிரிப்பார். பிறகு போனுக்குள் எங்கோ பாங்கு கேட்கும். அது முடிந்த பிறகுதான் பழத்தைக் கடிப்பார்.

அதைத் துபாயின் இஷா பாங்கு என்று நினைத்திருந்தேன். ஓவர்டைம் பார்த்துவிட்டுப் பசியோடு வந்தவர் எதற்காக ஒரு பாங்குக்குக் காத்திருக்க வேண்டும்? நோன்பு திறக்கும் பாங்கே அதுதான் என்றால் காத்திருப்பார். துபாயில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகும் என் மாப்பிள்ளை இருந்த ஊரில் பொழுது இறங்கவில்லை!

வாசலில் ஒரு செருப்புகூடக் கிடக்காததும் அப்போதுதான் உறைத்தது. ஒரு அறை முழுக்க நம் ஊர்ப் பிள்ளைகளோடு இருந்தவர் கையில் ஒருத்தர்கூடவா ஒரு சோப்புக் கட்டி கொடுத்தனுப்பியிருக்க மாட்டார்?

நான் போனைப் பிடுங்கினேன். "பாய், நான் நிலோஃபர். உண்மையச் சொல்லுங்க. இந்த மூணு வருஷத்துல எங்க மச்சான நீங்க யாராச்சும் கண்ணால பாத்தீங்களா?"

"தூரத்துல ஏதோ கேம்ப்புன்னு சொன்னான்மா... வா வான்னுதான் கூப்புடுறோம், ஒரு பெருநாளைக்கும் வந்ததில்ல" என்றார் அந்த மனிதர்.

நான் டாக்டர் அறையைப் பார்த்து ஓடினேன். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கடி போற? எம் புள்ள பொய் சொல்லிட்டான்னு ஊரக் கூட்டப் போறியா?"

"ஆமா மாமி. ஊரக் கூட்டித்தான் சொல்லப் போறேன்!"

சொன்னேன். வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கச் சொன்னேன். "டாக்டர்! எங்க வீட்டுக்காரரு பொய் சொல்லியிருக்காரு! அவரு துபாய்லயே இல்ல!"

அருள்மொழி எழுந்து நின்றுவிட்டார். "எந்த நாடு?"

"பேரு தெரியாது. துபாய்க்காரங்க சாப்புட்டு எழுந்து ரொம்ப நேரம் கழிச்சுத்தான் அங்க பொழுது சாயும். அப்பதான் இவரு நோன்பு தொறந்திருக்காரு."

டாக்டர் ஒரு நொடி சுவரைப் பார்த்தார். "அப்ப துபாய்க்கு மேக்கால, ரொம்ப தூரத்துல" என்றார். அடுத்த நொடி நர்ஸைக் கூப்பிட்டார்.

"பாஸ்போர்ட்டு பெட்டியில இருக்கு, சாவி எங்கன்னு தெரியல, பூட்ட ஒடைச்சாவது..." என்று அஃப்சல் அண்ணன் இழுத்தார்.

"பாஸ்போர்ட்டு எதுக்கு? ரத்தமே சொல்லிடும்" என்றார் டாக்டர்.

விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம், சோப்புச் சில் அளவுக்கு ஒரு வெள்ளைப் பட்டை. ஒரு கோடு வந்தால் இல்லை, இன்னொன்றும் வந்தால் உண்டு. ஒன்று வந்தது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று, மெல்ல மெல்ல, சிவப்பாக ஏறியது.

"மலேரியா. அதுலயும் மோசமான வகை, மூளைக்கு ஏறுறது" என்றார் டாக்டர். அவர் முகத்தில் இத்தனை நாளில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "ஆனா இதுக்கு மருந்து இருக்கும்மா. நல்ல மருந்து இருக்கு!"

நான் சிரித்தேன். மாப்பிள்ளைக்கு மோசமான மலேரியா என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்த பொண்டாட்டி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

டாக்டர் போனில் பேசிய பேச்சில், ஊசி மருந்து கடலூரிலிருந்து சுகாதாரத் துறை ஜீப்பில் கிளம்பி வந்தது. ஜீப் வாசலில் நின்றதும் அஃப்சல் அண்ணன் பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடிய ஓட்டத்தை, அவருடைய தொப்பையைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். முதல் ஊசி போட்டார்கள். நேரம் பார்த்து அடுத்தடுத்த ஊசியும் போட்டார்கள். ஒருநாள் காலையில் மச்சானின் நெற்றியில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார்.

"நிலோ... மணி என்னா?"

"எந்த ஊரு மணி கேக்குறீங்க மச்சான்?"

அந்தப் பலவீனத்திலும் அவருக்குப் புரிந்துவிட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பக்கம் மாமி. தப்பிக்க வழியில்லை. "காங்கோ" என்றார், திருட்டு மாங்காய் தின்று பிடிபட்ட பிள்ளையின் குரலில். துபாய்க்குப் போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே கம்பெனி அங்கே மாற்றிவிட்டதாம். சொன்னால் அம்மா சாப்பிட மாட்டார் என்று பயந்தாராம். மூன்று வருஷம் வெயில், மழை, பொழுது எல்லாவற்றையும் துபாய்க்கு மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார். நோன்பு திறக்கும் நேரத்தை மட்டும் அவரால் மாற்ற முடியவில்லை.

அன்று மஃரிபுக்கு நான் கஞ்சியை ஊற்றி மாமி முன்னால் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சோற்றில் கை வைக்க மாட்டேன் என்றவர் ஆயிற்றே.

"என்னாடி பாக்குற? அல்லாஹ் எம் புள்ளையத் திருப்பிக் குடுத்திருக்கான். நான் கஞ்சியத் திருப்பிக் குடுக்கவா?" என்று கிண்ணத்தை எடுத்தார். குடித்துக்கொண்டே அழுதார். பிறகு என் தலையைப் பிடித்து இழுத்து உச்சியில் ஒரு முத்தம் வைத்தார். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அன்றுதான் முதல் தடவை.

பெருநாளைக்கு முன்னால் மச்சான் நடந்தே வீட்டுக்குள் வந்தார். பின்னாலேயே கடலூரிலிருந்து சுகாதாரத் துறை ஆட்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஒருவர் உடம்பில் ஒளிந்திருக்கும் கிருமியை நம் ஊர்க் கொசு வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்துவிடுமாம்; அதனால் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். "நான் துபாய்தான்", "நான் துபாய்தான்" என்று வீட்டுக்கு வீடு அதே பாட்டு.

மாமி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் சபுராளியைக் கூப்பிட்டு நிறுத்தி ஒரே கேள்விதான் கேட்டார். அவனிடம் இல்லை, அவன் பொண்டாட்டியிடம்.

"சொல்லும்மா. இவன் அங்க இருக்கும்போது எத்தன மணிக்கு நோன்பு தொறந்தான்?"

அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் தெருவில் மூன்று துபாய்க்காரர்கள் ஆப்பிரிக்காக்காரர்கள் ஆனார்கள். அதில் ஒருவருக்குக் காய்ச்சலே இல்லாமல் ரத்தத்தில் கிருமி இருந்தது. மருந்து கொடுத்தார்கள். தெருவில் வேறு யாருக்கும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். துபாய் என்று இப்போது மாமி சொல்வதே இல்லை. "எங்க மருமவ நிலோஃபர்" என்று சொல்லும்போது அந்தப் பழைய குரல் வருகிறது.

பெருநாள் கழிந்த பிறகு, காய்ச்சலில் விட்டுப்போன நோன்புகளை மச்சான் பிடிக்க ஆரம்பித்தார். எனக்கும் விட்டுப்போனவை இருந்தன. நானும் கூடவே பிடித்தேன். முதல் நாள் சாயங்காலம் பாயில் எதிரெதிரே உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம். பசி தாங்காமல் அவர் பழத்தை வாய்வரைக்கும் கொண்டுபோனார்.

"பாங்கு சொல்லட்டும்" என்றேன்.

சிரித்துக்கொண்டே கையை இறக்கினார். மூன்று வருஷமாக அவர் ஒரு பாங்குக்கும் நான் ஒரு பாங்குக்கும் காத்திருந்தோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. இரண்டு பேரும் ஒன்றாகப் பழத்தைக் கடித்தோம்.