பாய் முடியட்டும்

என் வீட்டுக்காரர் இயாகோபோவைப் போலத் திட்டம் போடுகிற ஆளை சவாயித் தீவு முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. பன்றி குட்டி போடுவதற்கு முன்னாலேயே எந்தக் குட்டி எந்தக் கல்யாணத்துக்கு என்று முடிவு பண்ணிவிடுவார். ஒவ்வொரு திட்டத்தின் முடிவிலும் "கடவுள் சித்தமானால்" என்று ஒட்டிவிடுவார். எங்கள் சபையின் உபதேசியார் அல்லவா! ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, நாளை என்பது நம் கையில் இல்லை என்று அவர் பேச ஆரம்பித்தால் பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். நானும்தான் உறிஞ்சுவேன். அவர் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தக் குரலை இன்னும் ஒருதரம் கேட்க மாட்டோமா என்று இருக்கிறது. இருந்தபோது என்னவோ, "கொஞ்சம் வாயை மூடுங்க" என்றுதான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவருக்கு ஒரே அக்கா, ஃபுவாடினோ அண்ணி. எங்கள் ஊரில் அக்காவுக்குக் கொடுத்து மிஞ்சியதைத்தான் தம்பி தொடவேண்டும். என் மாமனார் இறந்தபோது மரியாதையாக வந்து குவிந்த மெல்லிய தாழம்பாய்களில் முதல் பாய் அண்ணிக்குப் போயிருக்க வேண்டும். இவர், வந்திருந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் பாயைப் பரிசாக எடுத்துக் கொடுக்கிற அவசரத்தில் கூடப்பிறந்தவளை மறந்துவிட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணி குடையை எடுத்துக்கொண்டு கப்பலேறி, பக்கத்துத் தீவான உபோலுவில் இருந்த புருஷன் ஊருக்குப் போய்விட்டார்.

பிறகு அந்தப் புருஷனும் இறந்துபோய், அவருடைய தங்கை மகனான மருமகன் வீட்டில் அண்ணி ஒரு மூலையில் இருந்தார். அங்கிருந்து ஒருநாள் சொல்லி அனுப்பினார்: "தம்பி வந்து கூப்பிட்டால் நம்ம வீட்டுக்கே வந்துவிடுகிறேன்." தம்பி வராமல் தானாக வர அவருக்கு மானம் இடம்கொடுக்காது. அதைக் கேட்டு என் வீட்டுக்காரர் குழந்தை மாதிரி அழுதார். நான் உடனே அவருடைய நல்ல வேட்டியைத் துவைக்கப் போட்டேன்.

"எதுக்கு இப்ப துவைக்கிறே?"

"நாளைக்கு முதல் கப்பல்ல போகவேண்டாமா?"

"வெறுங்கையை வீசிக்கிட்டா? பாய் கொடுக்காம அவமானப்படுத்தின அக்காகிட்ட, பாய் இல்லாமப் போறதா? நீ ஒரு பாய் பின்னு, எஸெட்டா. இந்தத் தீவுல அப்படி ஒரு பாயை யாரும் பார்த்திருக்கக் கூடாது. பாய் முடியட்டும். கடவுள் சித்தமானால் வர்ற ஈஸ்டருக்குப் போயிடலாம்."

சரிதானே என்று எனக்கும் பட்டது. எங்கள் ஆட்களுக்கு மரியாதை என்றால் அப்படி. பின்னத் தொடங்கினேன். அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் மனசு நிறைந்துவிடும். நெசவு வீட்டில் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, நகத்தால் தாழை ஓலையை நூல் போலக் கிழித்துப் பின்னுவோம். பாட்டு, புறணி, கொக்கோ. கடற்காற்று உள்ளே வந்து ஓலையை எல்லாம் கலைத்துவிட்டுப் போகும். நாங்கள் காற்றையே திட்டுவோம்.

ஈஸ்டர் வந்தது. பாய் முக்கால் கூட ஆகவில்லை. "அகலம் போதாது, இன்னும் ஒரு முழம் சேர்" என்றார். கிறிஸ்துமஸுக்குப் போகலாம், கடவுள் சித்தமானால். கிறிஸ்துமஸுக்குள் ஒரு புயல் வந்து ஓலையை நனைத்துவிட்டது. அப்புறம் பாயோடு கொண்டுபோக ஒரு பன்றி போதாது என்று தோன்றி, இன்னொன்றை வளர்த்தார். அவர் சோம்பேறி இல்லை, அதுதான் கொடுமை. அக்காவுக்காக ராப்பகலாக உழைத்தார். அக்காவைப் பார்க்க மட்டும் போகவில்லை.

இப்படியே இரண்டு வருஷம். ஒரு செப்டம்பர் காலையில் பஸ் ஓட்டுகிற செஃபோ, வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி, இறங்காமலேயே கத்தினான்.

"உபதேசியாரே! உபோலு ஆள் ஒருத்தன் நேத்து என் பஸ்ல வந்தான். உங்க அக்கா கேக்கச் சொன்னாங்களாம். 'என்னைக் கூட்டிட்டுப் போக வருவானா, இல்ல புதைக்கத்தான் வருவானா'ன்னு."

என் வீட்டுக்காரர் தட்டில் இருந்த சேப்பங்கிழங்கைத் தள்ளி வைத்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த மாசம் வெள்ளை ஞாயிறு. சபைப் பிள்ளைங்க பாடுற நாள், பாட்டு சொல்லிக்கொடுக்கணும். அது முடிஞ்சதும், கடவுள் சித்தமானால்..."

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! நல்லது எது என்று தெரிந்தும் செய்யாமல் இருப்பது பாவம் என்று இதே மனுஷன் எத்தனை ஞாயிறு சொல்லியிருக்கிறார்! விறுவிறு என்று நெசவு வீட்டுக்குப் போய், நாலு விரற்கடை மீதமிருந்த பாயை அப்படியே சுருட்டினேன். ஓரமெல்லாம் ஓலை தொங்கியது.

"அடிப்பாவி! அரைகுறைப் பாயை யாராவது கொண்டுபோவாங்களா? ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். நான் செஃபோ வண்டியில போறேன். கடவுள் சித்தமானா நீங்களும் வாங்க."

செஃபோ அதைக் கேட்டுச் சிரித்தான் பாருங்கள், ஹாரனே அடித்துவிட்டான். பஸ் திருப்பத்தில் மெதுவாகும்போது பின்னால் யாரோ ஓடிவந்து ஏறினார். ஒரு கையில் வெள்ளைக் கோட்டு, ஒரு காலில் செருப்பு இல்லை. கப்பலில் உப்புத் தண்ணீர் முகத்தில் தெறிக்கத் தெறிக்கக் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு சின்னக் கடலைத் தாண்டவா இரண்டு வருஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி இருந்த வீட்டு முற்றத்தில், நல்ல வெயிலில், அவர் தரையில் உட்கார்ந்து பாயைத் தலைமேல் போர்த்திக்கொண்டார். எங்கள் வழக்கத்தில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான். வீட்டுக்காரர்கள் வந்து பாயை விலக்கினால் மன்னித்ததாக அர்த்தம். விலக்காவிட்டால் உட்கார்ந்தே இருக்கவேண்டும்.

"யாரது?" என்று உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"யாரோ பாயைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க அத்தை" என்றாள் மருமகன் பெண்டாட்டி.

அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். குச்சியாக மெலிந்திருந்தார். குனிந்து துழாவிய கை முதலில் தரையில் பட்டது, பிறகு பாயில். விரலால் பின்னலைத் தடவினார்.

"இது எஸெட்டா கை. இவ்வளவு இறுக்கி அவதான் பின்னுவா. ஏன்டி, ஓரம் கட்டலையா?"

"இல்ல அண்ணி. இவரை நம்பினா அடுத்த ஜென்மத்துலதான்."

அண்ணி சிரித்துக்கொண்டே பாயை விலக்கினார். தம்பியின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கன்னத்தை, நெற்றியைத் தடவினார்.

"முடி கொட்டிப்போச்சாடா? நரை எவ்வளவு இருக்கு?"

அப்போதுதான் அவர் நிமிர்ந்து அக்காவின் கண்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"அக்கா... கண்ணு?"

"சர்க்கரைடா. போன கிறிஸ்துமஸ் வரைக்கும் கொஞ்சம் தெரிஞ்சுது. நீ வர்றதைப் பார்க்கணும்னு இந்த வாசல்லயேதான் உட்கார்ந்திருந்தேன்."

"பாய் முடியட்டும்னு இருந்துட்டேன் அக்கா. உனக்குப் பெரிசா..."

"நான் பாயைக் கேட்டேனாடா?"

அவர் அழுத அழுகையை நான் எப்படிச் சொல்வேன்! மாமனார் சாவுக்குக்கூட அப்படி அழவில்லை. அண்ணிதான் முதுகைத் தட்டித் தட்டித் தேற்றினார். அந்த வீட்டு மருமகன் வந்து, "வந்த களைப்பு தீர ரெண்டு நாள் தங்குங்க மாமா. ஆடு, கோழி ஏதாவது பார்த்து, முறைப்படி அத்தையை அனுப்பிவைக்கிறோம்" என்றான். நல்ல பையன்.

என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அக்காவுக்கு முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்தார்.

"என்னடா பண்றே?"

"கடைசிக் கப்பல் இன்னும் போகலை. ஏறிக்கோ."

"இன்னிக்கேவா? கடவுள் சித்தமானால்னு சொல்லலையே? அதைச் சொல்லாம நீ மூச்சுகூட விடமாட்டியே!"

"அவர் சித்தம் என்னன்னு எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும்க்கா" என்றார். "ஏறிக்கோ."