ஆறாம் டோக்கன்

தடுப்பூசி போடும் வயதுகூட வராத பதினேழு கைக்குழந்தைகளுக்குத் தட்டம்மை. கிருமி தொற்றிய நாளைத் தேடி, தடிப்பு வந்த நாளிலிருந்து இரண்டு வாரம் பின்னோக்கி எண்ணிப் பார்த்த சுகாதார நிலையத்துப் புள்ளிவிவரக்காரிக்கு விடை கிடைத்துவிட்டது. அத்தனையும் ஒரே செவ்வாய்க்கிழமை காலையில், இதே கட்டடத்துக் காத்திருப்பு அறையில் இருந்திருக்கின்றன. அன்றைக்கு ஆறாம் டோக்கன், உடம்பெல்லாம் தடிப்போடு இருமிக்கொண்டு வந்த பிள்ளை. ஏசிக்காக ஜன்னலைச் சாத்தி, அதையும் வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள் புண்ணியவான்கள். பிள்ளை போன பிறகும் இரண்டு மணி நேரம் கிருமி காற்றில் நின்றிருக்கும்.

அவள் எழுதிக் கொடுத்த அறிக்கையைத் தலைமை டாக்டர் திருப்பித் தள்ளினார். "எங்கிருந்து பரவுச்சுன்னு தெரியலைன்னு எழுதும்மா. அப்புறம், ஒருத்தர் பதினஞ்சு பேருக்கு நோயைக் குடுப்பாங்கன்னு போட்டிருக்கியே, அதை மூணாக்கு. வரைபடம் பாக்கவே பயமா இருக்கு."

"அது நான் போட்ட நம்பர் இல்ல சார். நாம சாத்துன ஜன்னல் போட்டது. இன்னைக்கும் ஒரு பிள்ளை தடிப்போட வெளிய உக்காந்திருக்கு. முதல்ல உள்ள கூப்பிடட்டுமா?"

"டோக்கன்படிதான். மத்தவங்க சண்டைக்கு வருவாங்க."

சொல்லிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார் மனிதர். காத்திருப்பு அறையைக் கடக்கும்போது மட்டும் கைக்குட்டையை எடுத்து மூக்கை இறுக்கப் பொத்திக்கொண்டார்.