மாப்பிள்ளை வீட்டு விசாரணை

கனடா விசா அலுவலகத்திலிருந்து வந்த மெயிலைத் தஸ்லீமா மறுபடியும் படித்தாள். நீங்கள் வேலை செய்ததாகச் சொன்ன கடைக்குப் போன் செய்தோம், நீங்கள் அங்கே ஒருநாளும் வேலை செய்ததில்லை என்று முதலாளியே சொன்னார், இதற்கு உங்கள் பதில் என்ன? பதில் சரியில்லையென்றால் ஐந்து வருடத்துக்கு அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது.

அந்த முதலாளி வேறு யாருமில்லை, அவளைப் பெற்ற அத்தா சையத் இப்ராஹிம்தான். ஏற்காடு கடைத்தெருவில் காப்பிக்கொட்டை, மிளகு வியாபாரம். பி.காம். முடித்ததிலிருந்து கடையின் கணக்கு வழக்கெல்லாம் தஸ்லீமாதான். சம்பளம் மாதம் தவறாமல் பேங்கில் ஏறும். கனடாவில் குடியேற, அந்த அனுபவத்துக்கு அவர்கள் போடும் பாயிண்டை நம்பித்தான் விண்ணப்பமே. முப்பது வயதானதும் வயதுக்கான பாயிண்ட் தேயத் தொடங்க, அதை ஈடுகட்ட இங்கிலீஷ் பரீட்சையைத் திரும்ப எழுதினாள், பிரெஞ்சும் படித்தாள். அனுபவச் சான்றிதழில் ஒரு கையால் கையெழுத்துப் போட்ட அத்தா, மறு கையால் மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். அதுதான் வினையாகிப் போனது.

கடைக்கு ஓடினாள். "அத்தா, யாராச்சும் போன் பண்ணி என்னயப் பத்திக் கேட்டாங்களா?"

அவர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார். "ஆமா கண்ணு! டெல்லியில இருந்து ஒரு அம்மா. தமிழ்லயே நொம்ப மரியாதையாப் பேசுச்சு. உங்க பொண்ணு கடையில வேலை செய்யறாங்களான்னு கேட்டுச்சு. ஆத்தூர் மாப்பிள்ளை ஊட்டுல ஆள உட்டு விசாரிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? அதெல்லாம் இல்லீங்க, எம்பொண்ணு ஊட்டை உட்டே வெளிய வராதுங்க, ராணியாட்டம் வெச்சிருக்கேன்னு அடிச்சுச் சொல்லிட்டேன்."

"அது கனடா ஆபீசுங்க அத்தா."

அவர் முகம் தொங்கிவிட்டது. "ஏதோ ஆபீசுன்னுதான் சொன்னுச்சு. மாப்பிள்ளை வேலை செய்யற டெல்லி ஆபீசாக்கும்னு நெனச்சேன்."

"நான் வேலையே செய்யலைன்னு சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்துச்சு?"

"கடைக்கு வர்ற பொண்ணுன்னா அவங்க யோசிப்பாங்கல்ல சாமி..."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அவள் வேலையை மறைத்தது தப்பென்றே அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் அவளைச் செவிட்டில் அறைந்தது.

அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. தெரியாத நம்பர். பாய்ந்து எடுத்தார். "ஏனுங்க, நான் அன்னிக்குச் சொன்னது பொய்யிங்க! எம்பொண்ணு தெனமும் கடைக்கு வருதுங்க. கொள்முதல், ஜி.எஸ்.டி., ஆடிட்டரு அத்தனையும் அதுதானுங்க. மாரமங்கலத்துக்காரங்க மிளகு கொண்டாந்தா வெலை பேசறதும் அதுதான். எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. அது இல்லாட்டி கடைக்குப் பூட்டுத்தானுங்க!"

போனிலிருந்து ஒரு பெண்குரல் வெளியே கேட்டது. "நாங்க ஆத்தூர்ல இருந்து பேசறோங்க. பொண்ணு கடைக்குப் போகுதுன்னு தரகர் சொல்லவே இல்லீங்களே. சரிங்க, வெச்சர்றோம்."

மாப்பிள்ளையும் போனான். தஸ்லீமா மெதுவாகச் சொன்னாள். "போனாப் போகுதுங்க அத்தா. இப்ப சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க. பேங்க் கணக்கையும் சேத்துக் கனடாவுக்கு அனுப்பிக்கறேன்."

அவர் தன் வாயால் சொன்னதை இப்போதுதான் காதில் வாங்கியவராய், பேயறைந்ததுபோல அவளையே பார்த்தார்.

"ஏங்கண்ணு, நீ போயிட்டா கடைக்கு நெசமாவே பூட்டுத்தானா?"

தஸ்லீமா பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.