டிரைவர் மறைத்த பூச்சி

கடைசி நிறுத்தத்தில் பஸ் டிரைவருக்குக் கிடைப்பது மூன்றே நிமிடம். அதற்குள் கழிப்பறைக்கு ஓடிப்போய், கையைக் காற்சட்டையில் துடைத்தபடி மறுபடி வண்டியில் ஏறிவிடுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வேலை முடிந்து வந்ததும் ஏழு வயது மகளை மடியில் இருத்தித் தன் கையால் ஊட்டிவிட்டால்தான் அவருக்கு நிம்மதி. அப்பேர்ப்பட்ட பாசக்கார அப்பா!

அந்த மகள்தான் வகுப்பில் வலிப்பு வந்து விழுந்தாள். ஸ்கேன் எடுத்தார்கள்.

"பயப்படாதீங்க, கேன்சர் இல்ல," என்றார் டாக்டரம்மா. "மூளையில நீர்க்கட்டி. நடுவுல புள்ளி தெரியுதா? அது பூச்சியோட தலை. அரைவேக்காட்டுப் பன்னிக்கறி தின்னவங்க வயித்துல நாடாப்புழு வளரும். அவங்க வெளிக்குப் போயிட்டு கை கழுவாம சாப்பாட்டத் தொட்டா, புழுவோட முட்டை அடுத்தவங்க வயித்துக்குள்ள போயிடும். அங்க பொரிஞ்சு, ரத்தத்தோட மூளைக்கு ஏறி இப்படிக் கட்டியாயிடும்."

"ஸ்கூல் கேன்டீன் பொம்பளதான்!" என்று மனைவி கொதித்தாள். "நாளைக்கே அவ வேலைக்கு வேட்டு வைக்கிறேன்."

"அவளாத்தான் இருக்கும்," என்றார் டிரைவர்.

எட்டு மாதமாகத் தன் மலத்தில் வெள்ளை நாடாத் துண்டுகளைப் பார்த்துவருகிறார். ஒருநாள் மருந்துக் கடை வரைக்கும் போனார். பக்கத்தில் ஒரு பெண் நிற்கவே, தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

மகளை வார்டில் சேர்த்தார்கள். வலிப்பை அடக்க ஒரு மருந்து, மூளை வீக்கம் குறைய ஒன்று, அதன்மேல் பூச்சி மாத்திரை. மறுநாள் மத்தியானம் சாப்பாடு வந்தது. குழந்தை வாயைத் திறந்துகொண்டு, "அப்பா, ஊட்டு," என்றாள்.

டிரைவருக்குக் கை எழவில்லை. சுற்றுக்கு வந்த டாக்டரம்மாவிடம், மனைவியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கேன்டீன்காரம்மாவ விட்டுடுங்க. புழு எனக்குத்தாங்க. எட்டு மாசமா இருக்கு."

"எட்டு மாசமாவா?" என்று கேட்ட மனைவி, தட்டை அவர் முன்னாலிருந்து இழுத்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கத்தவில்லை. "வயித்துல புழு யாருக்கும் வரலாம். ஒரு மாத்திரையில போயிடும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, உடம்புல ஏதாவதுன்னா வாயத் திறந்து சொல்லுங்க. இந்த ரெண்டையும் நீங்க செய்யல. உங்க வெக்கத்துக்கு உங்க பொண்ணு மாத்திரை முழுங்கிட்டிருக்கா."