ராத்திரித் தண்ணி

பையனோட புறங்கையில ஒட்டியிருந்த பிளாஸ்திரி வரமாட்டேங்குது. சித்தி நகத்தால ஓரத்தைக் கிளப்பிப் பாத்தா, பஞ்சுல ஸ்பிரிட்டைத் தொட்டுத் தடவிப் பாத்தா, ம்ஹூம். ஆஸ்பத்திரில ட்ரிப்ஸ் ஊசி நழுவிடக்கூடாதுன்னு எந்த நர்ஸோ சுத்திச் சுத்தி ஒட்டி வெச்சிருக்கா.

வெடுக்குன்னு இழு, இனிமே அவனுக்கு வலிக்கவா போகுதுன்னு பையனைப் பெத்த அக்காவோட நாத்தனார் பின்னாடி நின்னு சொன்னா. நியாயம்தான். ஆனா சித்திக்குக் கை வரல. அவளுக்கு லேப்ல வேலை, குழந்தைங்களுக்கு ரத்தம் எடுக்கறதுல கில்லாடி. மூணு எண்ணுவேன், எண்ணினதும் குத்துவேன்னு சொல்லிட்டு ரெண்டுலயே குத்திடுவா. அழறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். இவன்கிட்டயும் அதைத்தான் செஞ்சா. அதுக்கு இவன், சித்தி ஃபிராடு, மூணு சொல்லவே இல்லன்னு லேப் பூராவும் ஓடி ஓடிச் சொன்னான். வீட்ல அவனுக்குப் பேரே வாலு. இப்ப ஹால்ல கட்டில் மேல, தலை படிய வாரி, சட்டை கசங்காமக் கெடக்கறான். உயிரோட இருந்தப்ப ஒரு நாளும் அப்படி இருந்ததில்ல.

மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டு சொல்லிட்டு இழுத்தா. வந்துடுச்சு. அவன் ஒண்ணும் சொல்லல.

போன வருஷம் லேப்ல ஒரு வேலை ஆரம்பிச்சாங்க. கிட்னி ஒழுங்கா வடிகட்டுதான்னு பாக்கற ரத்த டெஸ்ட் இருக்குல்ல, கிரியாட்டினின், அதுல வர்ற நம்பருக்குப் பக்கத்துல இதுல இருந்து இதுக்குள்ள இருந்தா நார்மல்னு ஒரு அளவு அச்சடிச்சிருக்கும். அந்த அளவு பெரியவங்களுக்குப் போட்டது. உடம்புல சதை எவ்வளவு இருக்கோ அதைப் பொறுத்துதான் அந்த நம்பர். நாலு வயசுக் குழந்தைக்கு ஏது அவ்ளோ சதை? பெரியவனுக்கு நார்மலா இருக்கற நம்பர் குழந்தைக்கு வந்துச்சுன்னா கிட்னி பாதி போச்சுன்னு அர்த்தம். பேப்பர்ல மட்டும் எல்லாம் நல்லா இருக்கற மாதிரியே தெரியும். அதனால நல்லா ஆரோக்கியமா இருக்கற குழந்தைங்க ரத்தத்தை வயசு வயசா எடுத்து, அவங்களுக்குன்னு தனியா அளவு போடணும்னு லேப் சீஃப் முடிவு பண்ணாரு. ஜர்னல்ல கட்டுரை வரும்போது உன் பேரும் இருக்கும்னு சித்திகிட்ட சொன்னாரு. அவ்ளோதான், கால்ல சக்கரம் கட்டின மாதிரி ஓடினா. ஸ்கூல் ஸ்கூலா போனா, கூட வேலை செய்றவங்க புள்ளைங்கள ஒண்ணு விடாம இழுத்துட்டு வந்தா.

நாலு வயசுல ஒரு குழந்தை குறைஞ்சுது. ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்னு வாலுவைக் கூட்டிட்டு வந்தா.

டியூப் மேல பேர் எழுதக்கூடாது, நம்பர் மட்டும்தான். அந்த நம்பர் யாருன்னு அவளுக்கு மட்டும் தெரியும். அவன் வயசுக் குழந்தைங்க அத்தனை பேருக்கும் பாயிண்ட் அஞ்சு தாண்டல. இவனுக்குப் பாயிண்ட் ஒன்பது. மறுபடி மெஷின்ல போட்டு ஓட்டினா, அதேதான். ஸ்கிரீன்ல புள்ளியெல்லாம் ஒரே கும்பலா நிக்குது, ஒண்ணு மட்டும் கும்பலோட சேராம ஒதுங்கி நிக்குது. சீஃப் அதைப் பாத்துட்டு, என்னம்மா இது, சேம்பிள் கெட்டுப் போச்சான்னு கேட்டாரு. திங்கட்கிழமை அவரு மீட்டிங்ல எல்லாத்தையும் காட்டணும். இருக்கும் சார்னு சொன்னா. அப்ப தூக்கிடு, கணக்கைக் கெடுக்குதுன்னாரு. தூக்கிட்டா. அதுக்கப்புறம் பாத்தா அளவு அவ்ளோ அழகா வந்து உக்காந்துச்சு.

சாயங்காலம் அக்கா போன் பண்ணி ரிசல்ட் என்ன ஆச்சுன்னு கேட்டா. சித்தி பழைய அளவைப் பாத்தா. பாயிண்ட் ஒன்பதுக்கு அதுல தாராளமா எடம் இருந்துச்சு. நார்மல்க்கா, சூப்பரா இருக்கான்னு சொன்னா. அந்த அளவு குழந்தைக்கு ஆகாதுன்னு நிரூபிக்கத்தான் அவ வருஷம் பூரா ஓடிட்டு இருந்தா.

அதே போன்ல அக்கா புலம்பினா. குடம் குடமாத் தண்ணி குடிக்கறான்டி, தினம் படுக்கைய நனைச்சிடறான், எனக்குத் தோய்ச்சு மாளல. சித்தி சிரிச்சா. டெஸ்ட்டுதான் நார்மலாச்சே, வெறும் பழக்கம்தான், ராத்திரித் தண்ணியக் கட் பண்ணுன்னா. அன்னைலேர்ந்து அவன் கப்பு சமையக்கட்டு மேல்தட்டுக்குப் போயிடுச்சு. அவன் எட்டக்கூடாதுன்னு அக்கா புருஷன் மாமாதான் ஸ்டூல் போட்டு ஏறி வெச்சாரு. ராத்திரி எழுந்து தண்ணி கேட்டா அக்கா திட்டுவா. ஒரு தடவை முதுகுல ஒண்ணு போட்டும் இருக்கா.

கட்டுரை வந்துச்சு. அஞ்சாவதா சித்தி பேரு.

இந்த வாரம் ஜுரம், வாந்தி. ஆஸ்பத்திரில எடுத்த ரிப்போர்ட்ல நம்பர் எட்டைத் தாண்டியிருந்துச்சு. பக்கத்துல புது அளவு, சித்தி ஓடி ஓடிப் போட்ட அளவு. அங்க இருந்த டாக்டர் பொறுமையாத்தான் சொன்னாரு. ரெண்டு கிட்னியும் ரொம்ப நாளாவே சுருங்கிட்டு வந்திருக்கு, போன வருஷமே தெரிஞ்சிருந்தா இழுத்துப் பிடிச்சிருக்கலாம், இந்த மாதிரிக் குழந்தைங்க தண்ணி குறைச்சலா குடிக்கவே கூடாது.

நாத்தனார் காதுல கடைசி வரி மட்டும்தான் விழுந்துச்சு. காலைலேர்ந்து வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அதையே சொல்றா. தண்ணி தண்ணின்னு கேட்டே போச்சு எங்க புள்ள, பெத்தவ பூட்டி வெச்சிட்டான்னு. மாமா வெளிய சேர்ல உக்காந்து செருப்பையே பாத்துட்டு இருக்காரு. ஒரு தடவை மட்டும் அவளை மொறைச்சாரு.

உள் ரூம்ல அக்கா அவன் துணியெல்லாம் மடிச்சிட்டிருந்தா. மடிச்சதையே பிரிச்சுப் பிரிச்சு மடிச்சா. சித்தி பக்கத்துல போய் உக்காந்தா.

"நீ லேப்காரிதானே. உண்மையச் சொல்லு. நான் தண்ணி குடுக்காததாலதானா?"

சித்திக்கு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. போன வருஷமே இருந்துச்சுக்கா, நான்தான் தூக்கிப் போட்டேன். இதைச் சொல்லிட்டா நாத்தனார் வாய் அடங்கும், அக்கா தலைல இருக்கற பாரம் எறங்கும். பாரம் அவ தலைக்கு மாறும், மாறட்டுமே. வாயைத் தொறந்தா. வாசல்ல கார் நிக்கற சத்தம் கேட்டுச்சு.

சீஃப் மாலையோட வந்திருந்தாரு. நல்ல மனுஷன், கண்ணு கூடக் கலங்கியிருந்துச்சு. மாலைய வெச்சிட்டு, ஹாலுக்கு எழுந்து வந்த அக்கா முன்னாடி போய் நின்னாரு. உங்க பையனும் எங்களுக்கு ரத்தம் குடுத்தவன்னு கேள்விப்பட்டேன்மா, இவன மாதிரிப் பசங்களாலதான் இனிமே எந்தக் குழந்தையும் எங்க கண்ணுல இருந்து தப்பாதுன்னாரு.

அக்கா நிமிந்து பாத்தா. "அப்ப அவன் ரத்தத்துல ஒண்ணும் தெரியலையா சார்?"

"எங்களுக்கு யாரு பேரும் தெரியாதும்மா, நம்பர் மட்டும்தான். இவதான் கூட்டிட்டு வந்தா." சித்தி பக்கம் திரும்பினாரு. "நார்மலாத்தானம்மா இருந்துச்சு?"

நாத்தனார் ஒரு அடி கிட்ட வந்தா. மாமா வாசல்லேர்ந்து தலையைத் தூக்கினாரு.

"நார்மல்தான் சார்."

ஊசி குத்தற வேகத்துல சொல்லிட்டா. அக்கா தலைய மெதுவா ஆட்டினா, வழி கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவ மாதிரி.

"அப்ப அதுக்கப்புறம்தான்," அக்கா சொன்னா. யாரையும் பாத்துச் சொல்லல.

நான் சொன்னப்ப என்னை மொறைச்சீங்கன்னு நாத்தனார் மாமாவப் பாத்து ஆரம்பிச்சா. மாமா எழுந்து உள்ள வந்தாரு, அக்காவைத் தாண்டிப் போயிப் பையன் கால்மாட்டுல நின்னாரு. அக்கா இருக்கற பக்கமே திரும்பல.

சீஃபை கார் வரைக்கும் சித்திதான் கொண்டு விட்டா. வேணுங்கற வரைக்கும் லீவு எடுத்துக்கோன்னாரு. கதவைச் சாத்தப் போனவரு, அடுத்து கல்லீரல் டெஸ்ட்டுக்கு அளவு போடப் போறோம், குழந்தைங்களச் சேக்கற பொறுப்பு உன்னோடதுதான், உன்னை மாதிரி யாரும் ஓட மாட்டாங்கன்னாரு. சரி சார்னா.

வண்டி வந்து பையனைத் தூக்கிட்டுப் போயாச்சு. ஆம்பளைங்க கூடவே போனாங்க. சித்தி உள்ள வந்தா. சமையக்கட்டுல அக்கா குதிகாலைத் தூக்கி மேல்தட்டைத் துழாவிட்டிருந்தா.

"எட்டலடி. எடுத்துக் குடு."

ஸ்டூல் போட்டு ஏறி சித்தி எடுத்துக் குடுத்தா. யானைப் படம் போட்ட நீலக் கப்பு. உள்ள தூசி, ஒரு செத்த எறும்பு. அக்கா அதைக் கழுவினா, திருப்பியும் கழுவினா. விளிம்பு வரைக்கும் தண்ணி புடிச்சு, கீழ்த்தட்டுல, அவன் கை எட்டற எடத்துல வெச்சா. கொஞ்சம் சிந்துச்சு. தொடைக்கல.

சித்திக்கு நாக்கு வறண்டு போயிருந்துச்சு. ஸ்டூலை எடுத்து, இருந்த எடத்துலயே போட்டா.